வெள்ளாவிப் பானையில் பிறந்த விளையாட்டு!

தண்ணீர் மேல் மனிதன் நிற்க முடியுமா?

முடியாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சித்தர்கள் நடந்தார்கள் என்று கதை உண்டு. நம்மைப் போன்றவர்கள் கால் வைத்தால் "தொபுக்" என்று உள்ளே போய்விடுவோம்.

ஆனால் ஒருவர் நின்றார். அமெரிக்காவில், 1922-ம் ஆண்டு, ஜூலை மாதம் 2-ந் தேதி. அன்று அவருக்கு வயது 18. மறுநாள் அவருடைய பிறந்த நாள். பத்தொன்பது வயது ஆக இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தது.

அந்த வாலிபரின் பெயர் ரால்ப் சாமுவேல்சன்.

அவர் நின்றது மந்திரத்தால் அல்ல. காலில் இரண்டு பலகைகள். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை ஒரு மோட்டார் படகில். படகு ஓடியது, கயிறு இழுத்தது, வாலிபர் ஏரியின் மேல் சறுக்கிக்கொண்டே போனார்.

இன்று உலகம் முழுவதும் இது ஒரு பெரிய விளையாட்டு. "நீர்ச்சறுக்கு" என்று இதைச் சொல்லலாம். கடற்கரை நகரங்களில் பணக்காரர்கள் பொழுதுபோக்கும் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். விலை உயர்ந்த படகும், பளபளக்கும் பலகையும் அப்படி நினைக்க வைக்கின்றன. இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். துணி வேக வைக்கும் பானை, ஜன்னல் கயிறு, சமையல் கொழுப்பு - இவைதான் அதற்குத் தொட்டில் கட்டின!

ஆறு ஏரியான இடம்

அமெரிக்காவின் வட பகுதியில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. ஏரிகள் நிறைந்த நாடு. குளிர்காலத்தில் ஏரி எல்லாம் உறைந்து கல் போல ஆகிவிடும். அதன் மேல் நடக்கலாம். வண்டி கூட ஓட்டலாம். பனி மூடிய மேடுகளில் இருந்து, காலில் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் வழுக்கி விளையாடுவார்கள். நார்வே, ஸ்வீடன் நாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே அதிகம். பனிச்சறுக்கு அவர்களுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம்.

மின்னசோட்டாவின் ஓரத்தில் மிசிசிப்பி ஆறு ஓடுகிறது. ஓர் இடத்தில் அந்த ஆறு திடீரென்று அகன்று, ஏரி போல ஆகிவிடுகிறது. சிப்பேவா என்ற இன்னோர் ஆறு அங்கே வந்து சேருகிறது. அது அடித்துக்கொண்டு வரும் மணல் குவிந்து, மிசிசிப்பிக்கு ஒரு பாதி அணை போட்டது போல இருக்கிறது. தேங்கிய தண்ணீர்தான் பெப்பின் ஏரி. நீளம் சுமார் 22 மைல். அகலம் அதிகப்படியாக 2 மைல். ஒரு கரை மின்னசோட்டா. மறுகரை விஸ்கான்சின் மாநிலம்.

மின்னசோட்டா கரையில் லேக் சிட்டி என்ற ஒரு சிறிய ஊர். அங்கேதான் ரால்ப் இருந்தார்.

வெயில் காலம் வந்துவிட்டால் ஊர்ப் பையன்களுக்கு ஏரிதான் வீடு. நீந்துவார்கள். மீன் பிடிப்பார்கள். படகின் பின்னால் ஓர் அகலப் பலகையைக் கட்டி, அதில் ஏறி நிற்பார்கள். அந்தப் பலகையைப் படகே இழுத்துக்கொண்டு போகும். தேர் மேல் நிற்பது போல, மேலே சும்மா நின்றால் போதும். அந்த விளையாட்டு அப்போதே பல இடங்களில் இருந்தது.

ரால்புக்கு அது போதவில்லை.

"பனியின் மேல் சறுக்க முடிகிறதே, தண்ணீரின் மேல் ஏன் முடியாது?" என்று அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. பனி உருகினால் தண்ணீர்தானே!

பீப்பாய் மூழ்கியது!

முதலில் பீப்பாய்ப் பலகைகளை எடுத்தார். உடைந்த மரப் பீப்பாயில் வளைந்த பலகைகள் இருக்கும் அல்லவா? அதில் இரண்டைக் காலில் கட்டிக்கொண்டார். படகு கிளம்பியது. ரால்ப் மூழ்கினார்!

பிறகு பனியில் சறுக்கும் கட்டைகளையே கொண்டு வந்தார். அவை நீளமாக இருந்தாலும் அகலம் போதாது. மறுபடியும் மூழ்கினார்.

கரையில் நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை. சிலர் சிரித்தார்கள். பையனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. நம் ஊராக இருந்தால், "வேலையற்ற வேலை" என்று ஒரு பாட்டியாவது சொல்லி இருப்பாள்.

ரால்ப் யோசித்தார். பலகை அகலமாக இருந்தால் தண்ணீர் தாங்கும். நேராகப் பைன் மரப் பலகை இரண்டு வாங்கினார். ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 9 அங்குலம் அகலம். ஆள் உயரத்தை விடப் பெரிது. நம் வீட்டு ஊஞ்சல் பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், பலகை நேராக இருந்தால் முனை தண்ணீருக்குள் குத்திவிடும். படகுக்கு மூக்கு தூக்கி இருப்பது போல, பலகைக்கும் முனை மேல் நோக்கி வளைந்திருக்க வேண்டும். மரத்தை எப்படி வளைப்பது?

அங்கேதான் அம்மாவின் பானை வந்தது!

அம்மாவின் பானை

அந்தக் காலத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஏது? அழுக்குத் துணிகளைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் வெளுப்பார்கள். நம் ஊரில் வெள்ளாவி வைப்பது போலத்தான். ரால்பின் தாயார் வீட்டிலும் அப்படி ஒரு பானை இருந்தது.

ரால்ப் அதில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, பலகைகளின் முனைகளை அதற்குள் வைத்து வேக வைத்தார். மரம் கொதிநீரில் ஊறினால் இளகும். இளகியதும் வெளியே எடுத்து, முனையை மேல் நோக்கி வளைத்து, அசையாதபடி இறுக்கி வைத்தார். காய்ந்த பிறகு அவிழ்த்தார். வளைவு அப்படியே நின்றது. மாட்டு வண்டிச் சக்கரமும் படகும் செய்யும் தச்சர்களுக்கு இந்த வித்தை தெரியும்.

தாயார் என்ன சொன்னாரோ! வெளுக்கிற பானையில் மரம் வேகிறது என்றால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

பலகையின் நடுவில் தோல் வார் ஒன்றை அடித்தார். கால் நுழைக்க அதுதான் செருப்பு. கயிற்றுக்கு, ஜன்னல்களில் கட்டும் பருத்திக் கயிற்றில் 100 அடி வாங்கினார். பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி வேண்டுமே? கொல்லரிடம் போனார். 4 அங்குலத்தில் ஓர் இரும்பு வளையம் செய்து வாங்கினார். கையில் உறுத்தாமல் இருக்க அதன் மேல் ரப்பர் நாடாவைச் சுற்றினார்.

எல்லாம் ஆயிற்று. படகை ஓட்ட ஆள்? சகோதரர் பென் இருந்தார்.

அந்தப் படகு ஒன்றும் பந்தயப் படகு அல்ல. வேலைக்குப் போகும் சாதாரணப் படகு. இன்றைய நீர்ச்சறுக்குப் படகு அதை நிமிஷத்தில் தாண்டிவிடும்.

ஒரு சின்ன ரகசியம்

பலகை சரி. கயிறு சரி. ஆனால் மறுபடியும் மூழ்கினார்!

சில நாட்கள் இப்படியே நடந்தது. படகு கிளம்பும், பலகையின் முனை தண்ணீருக்குள் குத்தும், ரால்ப் தலைகுப்புற விழுவார். பென் படகைத் திருப்பிக்கொண்டு வருவார். மறுபடியும் கயிறு. மறுபடியும் முழுக்கு.

கோளாறு பலகையில் இல்லை. நிற்கும் விதத்தில் இருந்தது.

அதுவரை அவர் பலகையின் முனையைத் தண்ணீர் மட்டத்திலேயோ அதற்குக் கீழேயோ வைத்துக்கொண்டு கிளம்பினார். ஜூலை 2-ந் தேதி வேறு விதமாகச் செய்தார். தண்ணீரில் பின்பக்கம் சாய்ந்து படுப்பது போல இருந்துகொண்டார். பலகையின் முனைகள் இரண்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி தூக்கிக்கொண்டார். "போகலாம்!" என்று சைகை காட்டினார்.

படகு இழுத்தது. சாய்ந்த பலகையின் அடியில் தண்ணீர் வந்து மோதியது. மோதிய தண்ணீர் பலகையை மேலே தள்ளியது. வேகம் கூடக் கூட அந்தத் தள்ளுதலும் கூடியது. ரால்ப் மெல்ல மெல்ல மேலே வந்தார். நின்றார்!

தட்டையான ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் வீசினால், தவளை போலத் தத்தித் தத்திப் போகும் அல்லவா? அதுவும் இதே தந்திரம்தான். வேகம் இருக்கும் வரை சில்லு மேலே; வேகம் நின்றதும் உள்ளே. நீர்ச்சறுக்கு வீரரும் அப்படியே. படகு நின்றால் அவரும் அடியில்!

இன்றும் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். முழங்காலை மார்புக்கு அருகே மடக்கு. கையை நீட்டியே வை. படகு இழுக்கட்டும், நீ இழுக்காதே. அவசரப்பட்டு எழுந்து நிற்காதே. பெரும்பாலோர் செய்யும் தவறு, பயத்தில் கயிற்றைத் தன் பக்கம் இழுப்பதுதான். இழுத்தால் பின்னால் மல்லாந்து விழுவார்கள். விழுந்தால் உடனே கயிற்றை விட்டுவிட வேண்டும். இதை மறந்து கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீரைப் பாதி குடித்தவர்கள் உண்டு!

ஐஸ்கிரீம் கரைந்தது!

இந்த விளையாட்டுக்குப் படகு ஓட வேண்டும். துடுப்புப் போட்டால் இந்த வேகம் வராது. மோட்டார் வேண்டும். ரால்பின் காலத்தில் மோட்டார் படகு சிலரிடம்தான் இருந்தது. பின்னால் அது சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்தது. அதற்கு ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் காரணம் என்றால் நம்ப முடிகிறதா?

பெப்பின் ஏரியின் மறுகரை விஸ்கான்சின் என்று பார்த்தோம். அந்த மாநிலத்தில் மில்வாக்கி நகரத்துக்குப் பக்கத்தில் ஓக்காச்சி என்று ஓர் ஏரி. 1906-ம் ஆண்டு வாக்கில் ஒரு நாள், ஓலி எவின்ரூட் என்ற வாலிபர் அங்கே உல்லாசப் பயணம் போயிருந்தார். நார்வேயில் பிறந்தவர். ஐந்து வயதில் அமெரிக்கா வந்தவர். இயந்திரங்களோடு பழகிய கைகள். கூட வந்தவர் பெஸ் என்ற பெண். அவரைத்தான் ஓலி மணக்க இருந்தார்.

கடும் வெயில். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை வந்தது. கடையோ அக்கரையில்!

மணக்கப் போகிற பெண் கேட்டால் மறுக்க முடியுமா? ஓலி படகில் ஏறினார். துடுப்புப் போட்டார். இரண்டு மைலுக்கு மேல் தூரம். வேர்த்து விறுவிறுத்து அக்கரை சேர்ந்து, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, மறுபடியும் துடுப்புப் போட்டு இக்கரை வந்தார். வந்து பார்த்தால், ஐஸ்கிரீம் கரைந்து பாலாகிவிட்டது!

"இந்தப் படகை ஓட்ட ஒரு சின்ன இயந்திரம் இருந்தால்...?" என்று அன்று தோன்றியதாம். இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

பெஸ்ஸை ஓலி மணந்தார். இயந்திரத்தையும் செய்தார். படகின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளலாம். வேண்டாத போது கழற்றிக்கொள்ளலாம். அதை முதலில் பார்த்த பெஸ், "காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் மாதிரி இருக்கிறதே!" என்றாராம். அவருக்கு முன்பே வேறு சிலர் இப்படி இயந்திரம் செய்ததுண்டு. ஆனால் எல்லோரும் நம்பி வாங்கும்படி செய்தவர் ஓலிதான்.

1909-ல் விற்பனைக்கு வந்த அந்த மோட்டாரின் எடை 62 ராத்தல். அதாவது 28 கிலோ. விலை 62 டாலர். ராத்தலுக்கு ஒரு டாலர்! சக்தி ஒன்றரைக் குதிரை.

விற்றது யார் தெரியுமா? பெஸ்தான். கணவருக்கு இயந்திரம்தான் தெரியும், வியாபாரம் தெரியாது. கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் பெஸ் பார்த்துக்கொண்டார். "துடுப்புப் போடாதீர்கள், துடுப்பைத் தூக்கி எறியுங்கள்" என்ற கருத்தில் அவர் எழுதிய விளம்பரம் பிரபலமாயிற்று. ஐஸ்கிரீம் கேட்டவரும் அவர்தான். அதை உலகத்துக்கு மோட்டாராக விற்றவரும் அவர்தான்.

நாளடைவில் மோட்டார்களின் சக்தி கூடியது. சின்னப் படகு வைத்திருந்த குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குக் கிளம்பின. கூடையில் ரொட்டி, வேக வைத்த சோளக் கதிர், எலுமிச்சைச் சாறு, ஐஸ்கிரீம். பெரியவர்கள் கரையில் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் படகின் பின்னால் சறுக்குவார்கள். "சாப்பிட்ட உடனே தண்ணீரில் இறங்காதே, ஒரு மணி நேரம் கழியட்டும்" என்று அமெரிக்கத் தாய்மார்களும் சொல்வது உண்டு. சாப்பிட்டதால் மூழ்குவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பிற்காலத்தில் சொல்லிவிட்டார்கள். தாய்மார்கள் கேட்டால்தானே!

பன்றிக் கொழுப்பு!

ரால்பின் கதைக்கு வருவோம். சறுக்கியாயிற்று. அடுத்து என்ன?

தாண்ட வேண்டும்!

தண்ணீரில் ஒரு சாய்வுப் பலகை மேடை கட்டினார். 4 அடி அகலம், 16 அடி நீளம். ஒரு முனை தண்ணீருக்குள். மறுமுனை மேலே தூக்கி இருக்கும். படகு பக்கத்தில் போகும். சறுக்கி வருகிறவர் மேடையில் ஏறி, மறுமுனையில் இருந்து காற்றில் பாய வேண்டும்.

ஆனால் ஈர மரத்தின் மேல் மரம் சறுக்காது, பிடித்துக்கொள்ளும். அதற்கு என்ன செய்தார் தெரியுமா? சமையலுக்கு வைத்திருக்கும் பன்றிக் கொழுப்பை எடுத்து மேடை முழுவதும் தடவினார்! பலகாரம் பொரிக்கிற கொழுப்பு. தோசைக் கல்லில் எண்ணெய் தேய்த்தது போல மேடை வழவழ என்று ஆகிவிட்டது. 1925-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, ரால்ப் அதில் ஏறி, காற்றில் பறந்து, தண்ணீரில் இறங்கினார். நீர்ச்சறுக்கில் முதல் தாண்டல் அதுதான்.

இன்று இந்தத் தாண்டலுக்குத் தனிப் போட்டி உண்டு. 75 மீட்டருக்கு மேல் தாண்டி இருக்கிறார்கள். ஒரு கால்பந்து மைதானத்தில் முக்கால் நீளம்!

அதே 1925-ல் இன்னொரு சாகசம். வால்ட்டர் புல்லக் என்ற விமானி ஒரு பறக்கும் படகு வைத்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்து விமானம். தண்ணீரில் இறங்கவும் ஏறவும் கூடியது. அதன் பின்னால் கயிறு கட்டி, ரால்ப் சறுக்கினார். வேகம் மணிக்கு சுமார் 80 மைல்! அந்த வேகத்தில் விழுந்தால், தண்ணீரும் தரையும் ஒன்றுதான்.

சிரித்த ஊரார் இப்போது கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். ரால்ப் பல ஊர்களுக்குப் போய் வேடிக்கை காட்டினார்.

ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. "இது என் கண்டுபிடிப்பு, வேறு யாரும் செய்து விற்கக்கூடாது" என்று சர்க்காரிடம் பதிவு செய்து உரிமை வாங்கவில்லை. அவருக்கு அது விளையாட்டு. விளையாட்டுக்கு யாராவது பட்டா வாங்குவார்களா?

பட்டா வாங்கியவர்

வாங்கினார் ஒருவர்! நியூயார்க் பக்கத்தைச் சேர்ந்த பிரெட் வாலர். சினிமாப் படங்களில் தந்திரக் காட்சிகள் எடுப்பவர். அவரும் நீர்ச்சறுக்குப் பலகைகள் செய்தார். 1925-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி அவருக்கு உரிமை கிடைத்தது. "டால்பின் அக்வா ஸ்கீஸ்" என்ற பெயரில் பலகைகள் விற்பனைக்கு வந்தன.

வாலர் திருடினார் என்று யாரும் சொல்ல முடியாது. லேக் சிட்டியில் ஒரு பையன் செய்தது நியூயார்க்கில் யாருக்குத் தெரியும்? மூன்று ஆண்டு முந்தியவர் பெப்பின் ஏரியோடு நின்றுவிட்டார். பிந்தியவர் பெயர் காகிதத்தில் ஏறிவிட்டது. வாலர் கெட்டிக்காரர். பிற்காலத்தில் மூன்று இயந்திரங்களில் இருந்து ஒரே பெரிய வளைந்த திரையில் படம் காட்டும் "சினிராமா" என்ற முறையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். 1952-ல் வெளிவந்த முதல் சினிராமா படத்தில் நீர்ச்சறுக்குக் காட்சியும் இருந்தது!

அந்தக் காட்சி எடுத்த இடம், புளோரிடா மாநிலத்தில் சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூங்கா. அங்கே நீர்ச்சறுக்குக் காட்சி தொடங்கியதே ஒரு வேடிக்கை. 1943-ல், யுத்த காலத்தில், அந்தப் பூங்காவில் சிலர் சறுக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, பட்டாளத்துச் சிப்பாய்கள் வந்து, "காட்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். காட்சி என்று ஒன்று கிடையவே கிடையாது! பூங்காவை நடத்திய ஜூலி போப் என்ற அம்மையார் சற்றும் கலங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த தன் பிள்ளைகளையும், அவர்களின் தோழர்களையும் கூப்பிட்டு, "ஏறுங்கள் பலகையில்" என்றார். அன்று தொடங்கியது பல பத்தாண்டு நடந்தது. ஒருவர் தோள் மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் போல நின்று சறுக்குவார்கள். உறியடிக்கு நம் பிள்ளைகள் தோள் மேல் ஏறி நிற்பார்களே, அப்படி. தரையில் நிற்பதே கஷ்டம். அவர்கள் ஓடும் தண்ணீரில் நின்றார்கள். அந்தப் பூங்கா 2009-ல் மூடப்பட்டது. 2011-ல் அந்த இடத்தில் வேறு பூங்கா வந்தது.

போட்டிகளும் வளர்ந்தன. அமெரிக்காவில் 1939-ல் நீர்ச்சறுக்குச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு நியூயார்க்கின் ஜோன்ஸ் கடற்கரையில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1947-ல் பலகையே இல்லாமல் வெறுங்காலில் சறுக்கிக் காட்டினார்கள். 1972 ஒலிம்பிக்கில் பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டாக இடம் கிடைத்தது. மனிதர்கள் போதாது என்று, 1979-ல் புளோரிடாவில் ஓர் அணிலுக்கும் பழக்கினார்கள்! குட்டிப் பலகையில் நின்று, பொம்மைப் படகின் பின்னால் அது சறுக்கியது. பெயர் "டிவிக்கி". அது போன பிறகு, அடுத்து வந்த அணில்களுக்கும் அதே பெயரையே வைத்தார்கள்.

படகில் இருப்பவரோடு பேச முடியாது, மோட்டார் சத்தம். ஆகவே கையால் பேசுகிறார்கள். கட்டை விரல் மேலே காட்டினால், இன்னும் வேகம். கீழே காட்டினால், மெதுவாக. தன் தலையில் தானே தட்டிக்கொண்டால், "கரைக்குத் திருப்பு". கழுத்தின் குறுக்கே கையை ஓட்டினால், "மோட்டாரை நிறுத்து". ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும் அல்லவா? ஆகவே பின்னால் சறுக்குபவரைப் பார்த்துக்கொள்ள, படகில் இன்னொருவர் தனியாக உட்கார்ந்திருப்பார்.

வான்கோழிப் பண்ணை

இவ்வளவும் நடந்தது. ரால்ப் சாமுவேல்சன் எங்கே?

புளோரிடாவில் ஒரு கட்டட வேலையின் போது அவருக்கு முதுகு எலும்பு முறிந்தது. சறுக்கு விளையாட்டு அதோடு முடிந்தது. மின்னசோட்டாவுக்குத் திரும்பி வான்கோழி வளர்த்தார். வான்கோழிகளுக்கு நோய் வந்தது. கூட்டம் கூட்டமாகச் செத்தன. போட்ட பணமும் போயிற்று.

யாரும் அவரைத் தேடவில்லை. நீர்ச்சறுக்கைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். உரிமை வாங்கியவர் வாலர். சியாட்டில் நகரத்தில் 1928-ல் தானாகவே பலகை செய்த டான் இப்சன் என்பவரும், தாம்தான் முதல் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். பிரான்சு நாட்டிலும் உரிமை கொண்டாடியவர்கள் இருந்தார்கள். ஏரிக்கரை ஊரில் வெள்ளாவிப் பானையில் பலகை வேக வைத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

சுமார் நாற்பது ஆண்டுகள் அப்படியே போயின!

சுவரில் தொங்கிய பலகை

1963-ம் ஆண்டு. செயின்ட் பால் நகரத்துப் பத்திரிகை ஒன்றின் நிருபர் மார்கரெட் கிரிம்மின்ஸ் லேக் சிட்டிக்கு வந்தார்.

ஏரியில் குளிப்பவர்கள் உடை மாற்றும் கட்டடம் ஒன்று கரையில் இருந்தது. அதன் சுவரில் இரண்டு பழைய பலகைகள் தொங்கின. நீளமானவை. முனை வளைந்தவை. சுற்றிலும் இருந்தவர்களுக்கு அது தினமும் பார்த்துப் பழகிய சாமான். கவனிப்பார் இல்லை.

அந்த அம்மையார் கவனித்தார். "இது என்ன?" என்று விசாரித்தார். கேட்கக் கேட்கக் கதை வந்தது. அந்தக் கதையின் நாயகர் எங்கோ மறைந்துவிடவில்லை. உயிரோடு அதே மாநிலத்தில் இருக்கிறார் என்றும் தெரிந்தது. பத்திரிகையில் எழுதினார்.

பேப்பரில் வந்தால் போதுமா? நீர்ச்சறுக்குச் சங்கம் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. சான்றுகளைப் பார்த்தது. 1922-ல் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருந்தார்கள். 1966-ல் சங்கம் அறிவித்தது: பதிவில் உள்ளபடி உலகின் முதல் நீர்ச்சறுக்கு வீரர், ரால்ப் சாமுவேல்சன்!

அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 18 வயதில் செய்த காரியத்துக்குப் பெயர் வந்து சேர 44 ஆண்டுகள் ஆயின. பணம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. உரிமை வாங்கவில்லையே! ஆனாலும் அதற்குப் பிறகு விழாக்களுக்கு அழைத்தார்கள், மரியாதை செய்தார்கள். 1977-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தமது 74-வது வயதில், அவர் காலமானார்.

லேக் சிட்டி இப்போது தன்னை "நீர்ச்சறுக்கு பிறந்த ஊர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஜூன் மாதக் கடைசியில் அங்கே நீர்ச்சறுக்குத் திருவிழா நடக்கும். ஊர்வலம் உண்டு, தின்பண்டக் கடைகள் உண்டு, ஏரியில் சறுக்குக் காட்சி உண்டு. 2022-ல் நூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

கோடைக் காலத்தில் அந்தக் கரைக்குப் போனால், முதல் முறையாகப் பலகை கட்டிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியையோ சிறுவனையோ பார்க்கலாம். உடம்பில் மிதவைச் சட்டை. முகத்தில் பயம். படகில் இருந்து தகப்பனார் சத்தம் போடுவார்: "பின்னால் சாய்! முனையைத் தூக்கு!"